பேணிக்குள் மிஞ்சிய பெயர்கள்: திருப்பி இடாமல் எடுக்கும்போது நிகழ்தகவைக் கணித்தல்

இரணைமடுக் குளத்தின் வாய்க்கால்கள் பாயும் கிளிநொச்சி ஊர்களில் குலுக்குச் சீட்டு தெரியாத வீடு குறைவு. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஆளுக்கு மாதம் 5,000 ரூபா போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் சேரும் 60,000 ரூபாவும் ஒருவருக்குப் போகும். யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பது ஒரு பழைய பால்மாப் பேணி. பன்னிரண்டு பெயர்களும் ஒரே அளவான கடதாசித் துண்டுகளில் எழுதி, ஒரே மாதிரி மடித்து அதற்குள் இடப்பட்டிருக்கும். முற்றத்தில் நிற்கும் சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு துண்டை எடுக்கச் சொல்வார்கள். எடுத்த பெயர் திரும்பப் பேணிக்குள் போகாது, ஏனென்றால் பணம் வாங்கியவருக்கு இனிக் கட்டும் கடமை மட்டுமே உண்டு. கணித பாடநூல் "திருப்பி இடாமல் எடுத்தல்" என்று சொல்வது இதைத்தான். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு கற்பிக்கும் எனக்கு, பையும் நிறப்பந்துகளும் வரும் பாடநூல் உதாரணங்களைவிட இந்தப் பேணி கூடிய உதவி செய்திருக்கிறது.

இச்சீட்டைப் பற்றி முற்றத்தில் இரண்டு விதமான பேச்சுகள் அடிபடும். முதல் மாதம் பெயர் வருவதற்குத்தான் பெரிய அதிட்டம் வேண்டும், பன்னிரண்டில் ஒரு வாய்ப்புத்தானே, போகப்போகப் பேணிக்குள் ஆள் குறைவதால் வாய்ப்புக் கூடும் என்பார் ஒருவர். எந்த மாதமாக இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே வாய்ப்புத்தான், இல்லாவிட்டால் யார் சீட்டுக்குச் சேருவார்கள் என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் சரி. ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும் இவ்விரண்டு கூற்றுகளும் எப்படி ஒருங்கே சரியாக இருக்க முடியும் என்பதை விளங்கிக்கொண்டவருக்குத் திருப்பி இடாமல் எடுக்கும் கணக்குகளில் மிச்சமாக இருப்பது பெரும்பாலும் பெருக்கலும் வகுத்தலும்தான்.

வன்னியில் காலபோகத்துக்கு நிலத்தை உழுது விதைக்கும் காலம் ஐப்பசியை ஒட்டி வரும். உழவு இயந்திரக் கூலி, விதைநெல், பசளை என்று செலவு குவிகிற மாதம் அது. ஆகவே சீட்டுக்குச் சேர்ந்த பலருக்கு ஐப்பசியில் பெயர் விழ வேண்டும் என்பதே நேர்த்தி. தையில் தொடங்கிய சீட்டில் ஐப்பசி பத்தாவது மாதம். ஒரு குறித்த பெண்ணுக்கு ஐப்பசியில் சீட்டு விழும் நிகழ்தகவு என்ன? அதற்கு இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். முதல் ஒன்பது மாதங்களிலும் அவருடைய பெயர் வராமல் இருக்க வேண்டும்; பத்தாவது மாதத்தில் வர வேண்டும். ஒன்பது துண்டுகள் வெளியே போனபின் பேணிக்குள் மூன்று மிஞ்சும். அந்த மூன்றில் அவருடைய பெயரும் ஒன்றாக இருப்பதற்கான நிகழ்தகவு 3/12. அப்படி இருந்தால், பத்தாவது எடுப்பில் அது வருவதற்கான நிகழ்தகவு 1/3. இரண்டையும் பெருக்க 1/12 வருகிறது.

நீண்ட வழியிலும் இதைச் செய்து பார்க்கலாம். முதல் மாதம் பெயர் வராத நிகழ்தகவு 11/12. வராத நிலையில் இரண்டாம் மாதமும் வராத நிகழ்தகவு 10/11. பின்னர் 9/10, 8/9 என்று இறங்கி, ஒன்பதாம் மாதத்தில் 3/4. கடைசியாக வருவதற்கான 1/3. இவற்றைப் பெருக்கும்போது ஒவ்வொரு பின்னத்தின் தொகுதியும் அடுத்த பின்னத்தின் பகுதியோடு வெட்டுப்பட்டு, முதற் பின்னத்தின் 12 மட்டும் கீழேயும் கடைசிப் பின்னத்தின் 1 மட்டும் மேலேயும் நிற்கும். கரும்பலகையில் இப்படி வரிசையாக வெட்டிக்கொண்டு போகையில் பின்வாங்கில் இருக்கும் பிள்ளையும் தலையை நிமிர்த்திப் பார்க்கும். தைக்கும் 1/12, ஐப்பசிக்கும் 1/12, மார்கழிக்கும் 1/12.

இரண்டாவது பேச்சுக்காரர் சொன்னது இந்த 1/12. அது சீட்டுத் தொடங்கும் நாளில், எந்தத் துண்டும் பிரிக்கப்படாத நிலையில் நின்று பார்க்கும் நிகழ்தகவு. முதலாமவர் சொன்னது அந்த 1/3. அது ஒன்பது மாதம் கடந்து, ஒன்பது பெயர்களும் யாருடையவை என்று தெரிந்தபின், இன்னும் பேணிக்குள் இருப்பவர் கேட்கும் நிகழ்தகவு. உயர்தரத்தில் இதை நிபந்தனை நிகழ்தகவு என்று படிப்பார்கள். தெரிந்த செய்தி கூடும்போது விடை மாறுவதில் வியப்பு எதுவும் இல்லை. பிழை எங்கே நுழைகிறதென்றால், ஒரு கேள்விக்குரிய விடையை மற்றக் கேள்விக்கு எழுதிவிடுவதில்தான் நுழைகிறது.

வகுப்பறைக்குள் இதே பிழை வேறு உருவில் வரும். ஒரு பைக்குள் 5 சிவப்பு, 3 வெள்ளை என எட்டுச் சோடா மூடிகள் இருக்கின்றன. எழுமாறாக ஒன்றை எடுத்து, திருப்பி இடாமல் இன்னொன்றையும் எடுக்கிறோம். முதலாவது வெள்ளையாக இருக்கும் நிகழ்தகவு 3/8. அது வெள்ளையாக இருந்தால் மிஞ்சுவது ஏழு மூடிகள், அவற்றுள் வெள்ளை இரண்டு. ஆகவே இரண்டாவதும் வெள்ளையாகும் நிகழ்தகவு 2/7. இரண்டும் வெள்ளையாக இருப்பது 3/8 × 2/7 = 6/56. முதலாவதைப் பார்த்துவிட்டுத் திருப்பிப் பைக்குள் இட்டிருந்தால் 3/8 × 3/8 = 9/64 என்று வந்திருக்கும். முன்னது ஏறத்தாழ 0.107, பின்னது ஏறத்தாழ 0.141. வெள்ளை ஒன்றை வெளியே வைத்திருப்பது இன்னொரு வெள்ளைக்கான வாய்ப்பைக் குறைக்கிறது. எடுப்புகள் இரண்டும் ஒன்றின் விளைவு மற்றதைப் பாதிக்காத சாரா நிகழ்ச்சிகளாக இல்லாமல் போவது இதனால்தான்.

ஒவ்வோர் எடுப்பின் விளைவுகளையும் கிளைகளாகக் காட்டும் மர வரிப்படம் வரையும்போது பிள்ளைகள் விடும் தவறுகளில் இரண்டை வருடந்தோறும் பார்க்கிறேன். ஒன்று, இரண்டாம் கிளைகளிலும் பகுதியை 8 என்றே விட்டுவிடுவது. மற்றது கொஞ்சம் நுணுக்கமானது: முதலாவது சிவப்பாக இருந்த கிளையிலும் வெள்ளையின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து 2/7 என்று எழுதுவது. சிவப்பு வெளியே போனால் வெள்ளை மூன்றும் பைக்குள்ளேயே இருக்கும், அங்கே வரவேண்டியது 3/7. ஒரு கிளையிலிருந்து பிரியும் பின்னங்களைக் கூட்டினால் 1 வருகிறதா என்று பார்த்தால் இரண்டாவது தவறு உடனே அகப்பட்டுவிடும். ஆனால் முதல் தவறை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, ஏனெனில் 3/8-உம் 5/8-உம் கூட்டினாலும் 1 தான். எத்தனை மூடி மிஞ்சியிருக்கிறது என்று ஒவ்வொரு கிளையின் ஓரத்திலும் சின்னதாக எழுதிவைக்கச் சொல்வது எனக்குத் தெரிந்த ஒரே மருந்து.

முதலில் எடுத்த மூடியைப் பார்க்காமல் பொத்திய கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இரண்டாவது மூடி வெள்ளையாக இருக்கும் நிகழ்தகவு என்ன என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்டு எடுத்தாச்செல்லோ சேர், பிறகெப்பிடி எட்டு எண்டு எழுதுறது?" என்றாள் ஒரு மாணவி. நியாயமான கேள்வி. விடையோ 3/8 தான். முதலாவது வெள்ளையாக இருந்து இரண்டாவதும் வெள்ளையாவது 6/56; முதலாவது சிவப்பாக இருந்து இரண்டாவது வெள்ளையாவது 5/8 × 3/7 = 15/56. கூட்ட 21/56, சுருக்க 3/8. பொத்திய கைக்குள் இருக்கும் மூடியும் பைக்குள் இருக்கும் ஏழு மூடிகளும் எங்களுக்கு ஒரே நிலைதான்: ஒன்றுமே தெரியாது. இடம் மாறிய மூடி தன் நிறத்தைச் சொல்லாதவரை எங்களுடைய கணக்கில் எதுவும் மாறவில்லை. இதற்கு மேல் ஒரு படி போய், இரண்டாவது மூடியை முதலில் பார்த்து அது வெள்ளை என்று அறிந்தால், இன்னும் பொத்திய கைக்குள் இருக்கும் முதல் மூடி வெள்ளையாக இருக்கும் நிகழ்தகவு 2/7 ஆகக் குறைந்துவிடும். பின்னால் நடந்தது முன்னால் நடந்ததை எப்படி மாற்றும் என்று வகுப்பே சண்டைக்கு வரும். மூடியின் நிறம் மாறவில்லை. அதைப் பற்றி எங்களுக்கு ஒரு செய்தி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு கணக்கும் "எழுமாறாக" என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. சோடா மூடிகளுக்கு முன்பு நான் வகுப்பில் பயன்படுத்தியது புளியங்கொட்டைகள். தாயம் உருட்டுவதற்கு உரைப்பதுபோல் சிலவற்றை ஒரு பக்கம் நிலத்தில் உரைத்து வெள்ளை தெரிய வைத்திருந்தேன். பை சுற்றி வந்தபோது ஒரு சிறுமிக்கு மட்டும் வெள்ளை வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தது. பைக்குள் கையை விட்டவள் எடுப்பதற்கு வழமைக்கு மேல் நேரம் எடுத்தாள். பெருவிரலால் ஒவ்வொரு கொட்டையையும் தடவித் தட்டையான பக்கத்தைத் தேடியிருக்கிறாள். கையால் வேறுபடுத்தக்கூடிய பொருட்களைப் பைக்குள் இட்டுவிட்டு 3/8 என்று எழுதுவதில் பொருளில்லை என்பதை அவள் எனக்குக் கற்பித்தாள்.

சீட்டுக்காரப் பெண்கள் துண்டுகளை ஒரே அளவாக வெட்டி ஒரே மாதிரி மடிப்பதும், பேணியை நன்றாகக் குலுக்குவதும் அதே காரணத்துக்காகத்தான். குலுக்கல் போதாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சாட்சி உண்டு. வியட்நாம் போருக்கு இளைஞர்களை அழைக்கும் ஒழுங்கைத் தீர்மானிக்க 1969 டிசெம்பர் 1-ஆம் திகதி அங்கே ஒரு குலுக்கல் நடந்தது. வருடத்தின் 366 பிறந்த நாட்களும் 366 சிமிழ்களுக்குள் வைத்து, ஒவ்வொன்றாக, திருப்பி இடாமல் எடுக்கப்பட்டன. சிமிழ்களை மாதவாரியாகப் பெட்டிக்குள் சேர்த்துவிட்டுப் போதியளவு கலக்காமல் விட்டதால், வருடக் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் நாட்கள் அளவுக்கு மிஞ்சி முன்னதாகவே வெளியே வந்தன. முன்னதாக வந்த நாளுக்குரியவர்கள் முன்னதாகப் படைக்கு அழைக்கப்பட்டார்கள். பெயர் எடுபடுவதன் கனம் எங்கள் பகுதியில் யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

திருப்பி இடுவதா இல்லையா என்பதைச் சொல்லாமல் விட்டதால் பெரிய கணிதவியலாளர்களே முரண்பட்ட கதையும் ஒன்று உண்டு. ஒல்லாந்தரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1657-இல் வெளியிட்ட, சூதாட்டக் கணிப்புகள் பற்றிய சிறு நூலின் இறுதியில் வாசகர்களுக்கென ஐந்து கணக்குகளை வைத்தார். இரண்டாவது கணக்கில் 12 காய்கள், அவற்றுள் 4 வெள்ளை, 8 கறுப்பு. மூவர் கண்ணைக் கட்டிக்கொண்டு முறைவைத்து ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள், முதலில் வெள்ளையை எடுப்பவருக்கு வெற்றி. மூவருடைய வாய்ப்புகளும் எந்த விகிதத்தில் இருக்கும்? எடுத்த கறுப்புக் காய் திரும்பப் போகிறதா என்று கேள்வியில் இல்லை. பின்னாளில் அம்ஸ்ரடாம் நகர முதல்வராக இருந்த யோகான் ஹட்டே போகவில்லை என்று கொண்டு செய்தார். ஹைகன்ஸ் போகிறது என்ற எண்ணத்தில் இருந்தார். 1665-இல் இருவரும் கடிதங்களில் வாதாடினார்கள். சுவிஸ் கணிதவியலாளர் யாக்கோப் பேர்ணூலி எழுதி, அவர் இறந்தபின் 1713-இல் வெளிவந்த நூலில் இந்தக் கணக்கு வெவ்வேறு பொருள்கோள்களின்படி தனித்தனியாகச் செய்து காட்டப்பட்டிருக்கிறது.

திருப்பி இடுவதாயின் விகிதம் 9 : 6 : 4. திருப்பி இடாவிட்டால் 77 : 53 : 35. பின்னதை இப்படிச் சரிபார்க்கலாம்: 12 இடங்களில் வெள்ளைக்குரிய 4 இடங்களைத் தெரிவுசெய்யும் வழிகள் 495. முதல் வெள்ளை முதலாம் எடுப்பிலேயே வருமாயின் மற்ற மூன்று வெள்ளைகளும் எஞ்சிய 11 இடங்களில் எங்கும் இருக்கலாம், அது 165 வழிகள். இரண்டாம் எடுப்பில் என்றால் 120, மூன்றாவதில் 84, பின்னர் 56, 35, 20, 10, 4, 1. முதலாமவர் எடுப்பது 1, 4, 7 ஆகிய முறைகளில். 165, 56, 10 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 231. இரண்டாமவருக்கு 159, மூன்றாமவருக்கு 105. மூன்றால் சுருக்க மேற்சொன்ன விகிதம் வரும். சீட்டில் எந்த இடமும் சமம் என்றோம், இங்கே மட்டும் முதலாமவருக்கு ஏன் கூடுதல்? ஒவ்வோர் எடுப்பும் வெள்ளையாக இருக்கும் நிகழ்தகவு இங்கேயும் 4/12 தான். ஆனால் முதல் வெள்ளையோடு ஆட்டம் முடிந்துவிடுவதால் பின்னால் நிற்பவருக்கு முறையே வராமல் போகக்கூடும். சீட்டில் எல்லாருக்கும் ஒரு நாள் வந்தே தீரும்.

வழிகளை எண்ணும் இந்த முறை, பெருக்கிக்கொண்டு போகும் முறைக்கு மாற்றாக எங்கும் பயன்படும். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் குறைவாக இருக்கும் வருடத்தில், ஒரு வாய்க்காலின் கீழ் உள்ள பத்துக் கமக்காரரில் நால்வருக்கு மட்டும் விதைக்க அனுமதி, அந்த நால்வரையும் குலுக்கலால் தெரிவது என்று ஒரு கமக்காரர் அமைப்பு முடிவெடுப்பதாகக் கற்பனை செய்வோம். பத்துப் பேரில் அண்ணனும் தம்பியும் இருக்கிறார்கள். இருவருக்கும் கிடைக்கும் நிகழ்தகவு 4/10 × 3/9 = 2/15. எண்ணியும் பார்க்கலாம்: பத்துப் பேரில் நால்வரைத் தெரிவுசெய்யும் சேர்மானங்கள் 210, சகோதரர் இருவரையும் உள்ளே வைத்து மற்ற எட்டுப் பேரில் இருவரைத் தெரிவுசெய்யும் சேர்மானங்கள் 28, 28/210 உம் அதே 2/15 தான். ஒழுங்கு பொருட்டில்லாத கேள்விகளில் எண்ணும் முறை சுருக்கமானது. யாருக்கு முதலில் வந்தது என்று கேட்டால் ஒழுங்கையும் சேர்த்து எண்ண வேண்டும், அல்லது பெருக்கும் முறைக்குத் திரும்பலாம்.

இதிலே எனக்குப் பிடித்தது அடுத்த கேள்வி. இருவரில் ஒருவருக்காவது கிடைக்கும் நிகழ்தகவு என்ன? இருவருக்கும் கிடைக்காமல் போவது 6/10 × 5/9 = 1/3; ஆகவே விடை 2/3, ஏறத்தாழ 0.667. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 4/10 வாய்ப்புள்ள, ஒன்றையொன்று சாராத குலுக்கல்கள் நடந்திருந்தால் 1 - 0.36 = 0.64 தான் வந்திருக்கும். இருவருக்கும் கிடைப்பது அங்கே 0.16, இங்கே 0.133. ஆகத் திருப்பி இடாத குலுக்கல், குடும்பத்தில் இருவருமே வெல்வதையும் இருவருமே தோற்பதையும் சற்றுக் குறைத்து, ஒருவருக்குக் கிடைப்பதைச் சற்றுக் கூட்டுகிறது. அண்ணனுக்குக் கிடைத்தது என்றால் இடம் ஒன்று போய்விட்டது. கிடைக்கவில்லை என்றால் நான்கு இடமும் தம்பி உட்பட ஒன்பது பேருக்கு இருக்கிறது. ஒரே வளவில் குடியிருந்து ஒரே களத்தில் சூடு அடிப்பவர்களுக்கு இந்தச் சிறு வேறுபாடு நல்லதுதான்.

பை பெரிதாகும்போது இந்த வேறுபாடுகள் எல்லாம் கரைந்து போகும். பத்து மணிகளில் ஒன்று கலப்பு நெல் என்றால், திருப்பி இடாமல் எடுக்கும் இரண்டும் கலப்பாக இருக்கவே முடியாது. திருப்பி இட்டால் 0.01. ஆயிரம் மணிகளில் நூறு கலப்பு என்றால் முன்னது 100/1000 × 99/999, அதாவது ஏறத்தாழ 0.0099; பின்னது 0.01. ஆயிரம் நெல்மணிகள் ஏறத்தாழ 25 கிராம் நிறுக்கும் என்று கொண்டால் 50 கிலோ விதைநெல் மூடைக்குள் இருபது இலட்சம் மணிகள் இருக்கும். முளைதிறன் பார்ப்பதற்காக அதிலிருந்து நூறு மணியை எடுத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பவர், ஒவ்வொரு மணியையும் பார்த்துவிட்டுத் திருப்பி இட்டாரா இல்லையா என்று கவலைப்படத் தேவையில்லை. ஒவ்வோர் எடுப்பிலும் நிகழ்தகவு மாறாது என்று கொள்ளும் ஈருறுப்புப் பரம்பலின் எளிய சூத்திரமே போதும். அவர் கவலைப்பட வேண்டியது வேறு. மூடையின் வாயில் இருந்து ஒரே பிடியாக அள்ளினாரா, அடியில் ஈரம் பட்ட நெல்லும் அந்த நூறில் சேர்ந்ததா என்பதே கேள்வி. சாக்குக்குள் கொழுவூசியை ஆழக் குத்தி மேல், நடு, அடி என்று மாதிரி எடுக்கும் நெல் வியாபாரிக்கு இது எந்தப் பாடநூலும் சொல்லாமலே தெரியும்.

பேணிக்குள் இருந்ததோ பன்னிரண்டே துண்டுகள். அங்கே ஒவ்வொரு துண்டும் கணக்கை அசைக்கும். கார்த்திகையில் இரண்டு பெயர்கள் மிஞ்சியிருக்கும்போது ஒன்றை எடுத்தால் மற்றது யாருடையது என்பதும் தெரிந்துவிடுகிறது, நிகழ்தகவு 1. மார்கழியில் குலுக்குவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் பார்த்த சீட்டுகளில் மார்கழியிலும் பேணியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, கடைசித் துண்டையும் பிள்ளையைக் கொண்டே எடுப்பித்து, எல்லார் முன்னாலும் பிரித்து வாசிக்கிறார்கள். தையில் பேணிக்குள் பன்னிரண்டு பெயரும் உண்மையாகவே இடப்பட்டிருந்தனவா என்பது அந்தத் துண்டைப் பிரிக்கும்போதுதான் முழுதாகத் தெரியவரும்.